கோல்

பழைய லெவல் கருவியின் குழாயில்
எல்லாம் தலைகீழாகத் தெரியும்.
பதினோரு ஆண்டுகள் மலாக்கி ஸ்கல்லி
என்னை அப்படித்தான் பார்த்தார்:
வானத்தில் பூட்ஸ், சேற்றில் தொப்பி,
நடுவே செங்குத்தாய் அளவுகோல்.

கோல் பிடிப்பது என் வேலை.
அவர் வடிகால் துறைப் பொறியாளர்.
ஓவன்ரீ ஆற்றை மூன்றடி தாழ்த்தச் சொல்லி
டப்ளினிலிருந்து உத்தரவு.
ஆற்றைத் தாழ்த்துவதென்றால்
முதலில் ஒவ்வொரு புல்வெளியிடமும் போய்
நீ எவ்வளவு உயரம் என்று கேட்பது.
மழையில் கேட்பது.
பெரும்பாலும் மழையில்.

ஊருக்கு அவர் பொறியாளர் இல்லை,
கோல்கீப்பர்.
ஹர்லிங் ஆட்டத்தில் அந்நாளில் தலைக்கவசம் கிடையாது.
வளைந்த ஆஷ் மர மட்டை,
தோல் தைத்த பந்து,
எதிரே வருகிறவனின் முழங்கை.
மூன்று முறை முறிந்த நடுவிரலால்தான்
கருவியின் திருகைத் திருப்புவார்.
குமிழி நடுவுக்கு வரும்வரை
மூச்சு விடமாட்டார்.

நாற்பத்தாறில், இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடம்,
தாழ்ந்து வந்த ஒரு பந்தைக்
கோட்டின்மேல் விழுந்து அமுக்கினார்.
உள்ளேயா, வெளியேயா?
பார்த்தவன் ஒருவன்: பார்ட்லி டூமி.
வேறு ஆள் கிடைக்காமல்
வெள்ளைக் கோட்டு மாட்டிவிடப்பட்ட எங்கள் ஊர்க்காரன்.
அவன் பச்சைக் கொடியை ஆட்டினான்.
கோல்.
ஊர் தோற்றது.

அந்த வாரம் டூமி வீட்டில் ஏழு கண்ணாடி உடைந்தது.
அடுத்த ஆண்டு அவன் பாலைப்
பால்பண்ணை வரிசையின் கடைசியில் வாங்கினார்கள்.
அதற்கடுத்த ஆண்டும்.
மலாக்கியிடம் கேட்டால்
"ஆட்டம் முடிஞ்சுபோச்சு" என்பார்.
அடக்கமான மனிதர் என்றது ஊர்.

டூமியின் வயலுக்கு வந்தோம் ஒரு மார்ச் மாதம்.
வெள்ளக் கோட்டுக்குக் கீழே என்றால்
அரசு கால்வாய் வெட்டித் தரும்.
மேலே என்றால் உன் பாடு.
முதல் முறை: எட்டு அங்குலம் மேலே.
கருவியை நகர்த்தி இரண்டாம் முறை: எட்டு.
மூன்றாம் முறையும்.
இங்கே தண்ணீர் தேங்காது என்றது கணக்கு.
என் பூட்ஸுக்குள் தண்ணீர்
கணுக்கால்வரை இருந்தது.

பாட்டில் தேநீர் ஆறிப்போயிருந்தது.
வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
வேலிக்கு அப்பால் டூமி
ஒரு பசுவின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
எங்களைப் பார்க்காமல்.

"உள்ளேதான் போச்சு," என்றார் மலாக்கி.
"என்னது?"
"இரண்டு அங்குலம். என் நெஞ்சுக்கடியில கிடந்துச்சு.
நான்தான் வெளியே இழுத்தேன்."

பிறகு எழுந்து,
"இன்னொரு தடவை எடுப்போம்."

அவர் சொல்லவில்லை. கையும் காட்டவில்லை.
நானாகவே கோலைச் சேற்றில் அமுக்கினேன்.
ஒரு சாண், கொஞ்சம் குறைய.
நேராகத்தான் பிடித்தேன்,
கோல் கோணவில்லை.
குழாயில் அவர் பார்த்திருப்பார்:
ஒரு கோல், அடிப்பக்கம் மேலே,
மெல்ல வானத்துக்குள் ஏறுவதை.
நெடுநேரம் பார்த்தார்.
எழுதினார்.
அவர் குறிப்பேடுகளில் எல்லாம் பென்சில்.
அந்த எண் மட்டும் மை.

கோடையில் இயந்திரம் வந்தது. கால்வாய் வந்தது.
அவன் வயலில் வைக்கோல் காய்ந்தது.
ஸ்கல்லிதான் பெரிய மனசு பண்ணினார் என்று
அதையும் ஊர் அவர் கணக்கில் எழுதியது.

அறுபத்துமூன்றில் அடக்கம் செய்தோம்.
பெட்டியின்மேல் மட்டையை வைத்தார்கள்,
லெவல் கருவியை யாரும் நினைக்கவில்லை.
சங்கத் தலைவர் பேசினார்:
நம்மிடமிருந்து திருடப்பட்ட அந்தக் கோல்...
தலைகள் அசைந்தன.
சுவரோரம் டூமி
தொப்பியைக் கழற்றி மழையில் நின்றிருந்தான்.

அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.
முன்னால் ஓர் அடி வைத்தேன்.
கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல்
எப்படி நேராக நிற்பதென்று தெரியவில்லை.